இரண்டாம் தேதி முற்றுகை

டயர் கடையின் பின்னறையில்
பதினான்கு மாதமாக விழாமல் நிற்கிறது ஒரு கோட்டை.
அட்டைச் சுவர், தீக்குச்சி வாயில்,
கட்டைவிரல் உயர வீரர்கள் நூற்றுப் பதினொரு பேர்.
அத்தனை பேருக்கும் கண் வரைந்தவள் எதேரி.
பல் மருத்துவர். கை நடுங்காது.

வியாழன்தோறும் கூடுகிற ஆறு பேர் நாங்கள்.
சரி, ஐந்து.
கேலா போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
அவன் சொல்லச் சொல்ல அவன் படையை நான் நகர்த்துவேன்.
பகடையில் மட்டும் என்னை நம்ப மாட்டான்.
"திரும்ப உருட்டு. சத்தம் சரியில்லை."

டிசம்பர் முப்பதாம் தேதி ஆளே வந்து நின்றான்,
நான்கு நாள் விடுப்பு,
கைப்பையில் மூன்று வகை வண்ணக் குப்பி.
வருடம் முழுக்க எங்களுக்கு நேரம் இருந்தது, அவன் இல்லை.
இப்போது அவன் இருந்தான்.

குத்தாயிசியில் பண்டிகை ஒரு நாளில் முடிகிற சமாச்சாரமா?
புத்தாண்டே இரண்டு, நடுவில் கிறிஸ்துமஸ்.
வஹுஷ்தி மாமியார் வீட்டில்
தேன்பாகுக்கு வால்நட் உடைத்துக்கொண்டிருந்தான்.
எதேரி வீட்டில் இருபத்து மூன்று விருந்தாளிகள்,
நாற்காலி பதினாறு.
நுக்ரி பெரியப்பா வீட்டு விருந்துக்குத் தமாதா:
அவன் வாழ்த்தெடுத்துக் கொடுக்காமல் யாரும் ஒரு மிடறு குடிக்க முடியாது.
தம்தாவுக்கு அவசரப் பிரிவில் இரவுப் பணி,
பட்டாசில் விரல் சுட்டுக்கொண்டவர்களோடு.

அட்டவணை போட்டேன். அழித்தேன்.
மறுபடி போட்டதில்
ஆறு பேருக்கும் பொதுவாகக் கிடைத்தது
ஒன்றாம் தேதி விடிகாலை நான்கு முதல் நான்கே கால்.

இரண்டாம் தேதி இங்கே பெதோபா.
அன்று எப்படி இருக்கிறாயோ
ஆண்டு முழுக்க அப்படித்தான் என்பார்கள்.
எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.
ஆனாலும் அன்று ஆட்டம் நடக்காமல் போனால் என்று
ராத்திரி இரண்டு முறை எழுந்து உட்காருகிற அளவுக்கு
ஏதோ கிடக்கிறது உள்ளே.

ஊர் கூடாவிட்டால்
தேர் வீடு வீடாகப் போகட்டும்.
கோட்டையைப் பலகையோடு தூக்கி வேனில் ஏற்றினோம்,
அடியில் நான்கு பழைய டயர்கள்.
கேலா மண்டியிட்டுச் சுவரை அணைத்துக்கொண்டான்.
"எட்டு வருஷமாகச் சரக்கு ஏற்றுகிறேன்,
இப்படிப் பயந்ததில்லை. மெதுவா போடா."

வஹுஷ்தி குப்பை கொட்டுகிற சாக்கில் வந்தான்.
குதிரைப்படையைத் தொட்டதும்
மூன்று குதிரைகள் விரலோடு ஒட்டிக்கொண்டன. தேன்.
எதேரி தெருவிளக்கடியில் வில்லாளிகளை நகர்த்திவிட்டு
ஒரு வீரனின் கண் அழிந்திருப்பதைப் பார்த்து
அங்கேயே திட்டத் தொடங்கினாள்.
நுக்ரி கொம்புக் கோப்பையோடு ஓடி வந்தான்,
இறந்தவர்களுக்கான வாழ்த்துக்கும்
குழந்தைகளுக்கான வாழ்த்துக்கும் நடுவே.
பழக்க தோஷம், காலாட்படைக்கும் ஒரு வாழ்த்துச் சொன்னான்.
ஜன்னலில் பெரியப்பாவின் தலை தெரிந்தது.

மருத்துவமனை வாகன நிறுத்தம், இரவு ஒன்றரை.
தூறலோடு பனி.
வாயிலைக் காக்கிறவள் தம்தா.
இடிக்கிறவன் கேலா.
பதினான்கு மாதம் இந்த ஒரு உருட்டலுக்காக.
கேலாவுக்கு ஐந்து விழுந்தது.
அவள் கையுறையைக் கழற்றி
ஆம்புலன்சின் சிவப்பு வெளிச்சத்தில் பகடையை எறிந்தாள்.
ஆறு.

மழைத்தண்ணீர் வழிகிற வேன் கதவைப் பிடித்துக்கொண்டு
அதையே பார்த்தான் கேலா.
"சத்தம் சரியாத்தான் இருந்தது."

மூன்றாம் தேதி விடியும் முன் விமான நிலையத்தில் விட்டேன்.
அதிகம் பேசவில்லை.
கடைக்கு வந்து பலகையை இறக்கி எண்ணினால்
நூற்றுப் பத்து.
வேனைத் துடைத்தேன், டயருக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
முரசுக்காரனைக் காணோம், கேலா படையின் முரசுக்காரன்.

யாரும் அவனிடம் கேட்கவில்லை.
அந்த இடத்தில் ஒரு சக்கர நட்டை வைத்திருக்கிறோம்.
வியாழக்கிழமைகளில்
அதற்கும் ஒரு முறை வருகிறது.